நொடித்த குழுவும் தீராத பாக்கியும்

அன்புள்ள ஐயா,

காற்பந்துக் குழுக்களின் கடன் சுமையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நொடித்துப்போன கடைகளின் கணக்குகள் எத்தனையோ என் கையில் வந்துபோயிருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள், கொஞ்ச நாளில் அதே இடத்தில் வேறொரு கடை வந்துவிடும். காற்பந்துக் குழுவுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்? கோடீஸ்வரர் ஒருவர் தம் பணத்தைத் தொலைத்தால் அது அவர் பாடு. என் அக்கா மகன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வெட்னஸ்டே குழுவின் ரசிகன். அந்தக் குழு நொடித்ததிலிருந்து, வீட்டில் துக்கம் நடந்ததுபோல் இருக்கிறான். நம்மூர் வாரியர்ஸ் குழு நின்றுபோனபோது யாரும் இப்படி அழவில்லையே? பிறந்தநாளுக்கு அந்தக் குழுவின் ஜெர்சி வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுத்தால், கணக்கைக் கெடுத்தவர்களுக்கு நான் பணம் கொடுத்ததாக ஆகாதா?

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'தம் பணத்தைத் தொலைத்தால் அது அவர் பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைந்தது அவருடைய பணமாக மட்டும் இருந்திருந்தால் இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. காற்பந்துக் குழுக்கள் நொடித்த கதைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால், முடிவெடுத்தவர் ஒருவராகவும் பாக்கியைச் சுமந்தவர் வேறொருவராகவும் இருப்பதைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறோம். என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பரி நகரத்தின் குழு 1885இல் தொடங்கப்பட்டது. 1900இலும் 1903இலும் இங்கிலாந்தின் எஃப்ஏ கிண்ணத்தை வென்ற குழு அது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. விளையாட்டரங்கம் அதற்கு முன்பே கடனுக்கு அடமானமாகியிருந்தது. அடுத்த சில மாதங்களில் சம்பளம் நின்றது. சம்பளம் வராத அந்த நிலையிலேயே ஆட்டக்காரர்கள் 2019இல் குழுவை இங்கிலாந்து லீக் அடுக்கின் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்த்திக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தக் கோடையில் கடன் கொடுத்தவர்களோடு ஓர் உடன்பாடு எழுதப்பட்டது: ஆட்டக்காரர்களுக்கும் மற்றக் குழுக்களுக்கும் உரியது முழுமையாகக் கொடுக்கப்படும், ஏனைய கடன்காரர்களுக்குத் தரவேண்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 காசு கிடைக்கும். அதுவும் கைகூடவில்லை. பணம் இருக்கிறது என்பதற்கு லீக் கேட்ட சான்றைக் கொடுக்க முடியாமல், 2019 ஆகஸ்ட் 27 அன்று பரி வெளியேற்றப்பட்டது. அன்று காலையில்கூட, ஆட்டம் நடந்துவிடும் என்று நம்பிய ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேன் அரங்கைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழுவின் முன்னாள் இயக்குநரான ஓர் அம்மையார் அரங்கின் மழைநீர்க் குழாயோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு நின்றார். அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியவரோ, பரி என்றொரு குழு இருப்பதே தமக்கு முன்பு தெரியாது என்று பேட்டியில் சொன்னார்.

இப்போது அந்த 25 காசைக் கொஞ்சம் பாருங்கள், கணக்குப் பார்ப்பவர் என்பதால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இங்கிலாந்தின் லீக்குகளில் ஒரு விதி உண்டு. நொடித்த குழு தொடர்ந்து லீக்கில் இருக்க வேண்டுமானால், ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் மற்றக் குழுக்களுக்குத் தரவேண்டிய ஆட்டக்காரர் மாற்றுத் தொகையையும் முழுமையாகத் தீர்த்தாக வேண்டும். ஒரு குழு பணம் தராமல் போனால் அதை நம்பியிருந்த இன்னொரு குழுவும் சாயும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் வரிசையின் முன்பகுதிக்கு முழுப் பணம் போனால், பின்பகுதிக்குப் போவது மிச்சம் மீதிதான். 2010 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத் குழு நிர்வாகியின், அதாவது நொடித்த குழுவை நடத்தி விற்க நியமிக்கப்படும் வெளியாரின், கட்டுப்பாட்டுக்குள் போனது. உச்ச நிலையான பிரிமியர் லீக்கில் இருந்துகொண்டே அப்படி நொடித்த முதல் குழு அதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எஃப்ஏ கிண்ணத்தை வென்றிருந்தது, நொடித்த அந்த ஒரே பருவத்தில் நான்கு உரிமையாளர்களைக் கண்டிருந்தது. அதன் கடன்காரர் பட்டியலில், ஆட்ட நாள்களில் அரங்கில் முதலுதவிக்கு நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டமைப்பின் பெயரும் இருந்தது. மயங்கி விழும் ரசிகரைத் தூக்கிச் செல்ல நின்றவர்களுக்கும், ஆட்டக்காரர்களின் சம்பளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுத்த அறைக்கும் என்ன தொடர்பு? ஆயினும் பவுண்டுக்கு 20 காசு என்ற உடன்பாட்டில் நின்றவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தாம். இந்த விதியை எதிர்த்து பிரிட்டனின் வரித்துறையே வழக்காடியது, 2012இல் தோற்றது.

கடையோடு ஒப்பிட்டிருந்தீர்கள். ஒரு கடை மோசமாக நடந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அந்தப் பயம்தான் முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்தும். காற்பந்து ரசிகர் அப்படிப் போகமாட்டார். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் குழுவை 2011இல் கிரெய்க் வைட் என்பவர் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். வங்கிக்குக் குழு தரவேண்டியிருந்த 18 மில்லியன் பவுண்டை அவர் தீர்த்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் பருவகால டிக்கெட்டுகளின் வருமானத்தை ஒரு நிதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்திலிருந்தே கடன் அடைக்கப்பட்டது. அதாவது, குழுவை வாங்கிய செலவை ரசிகர்களே ஏற்றார்கள், அதுவும் அவர்களுக்குத் தெரியாமல். ஓராண்டுகூட ஆகவில்லை, 2012 பிப்ரவரியில் குழு நொடித்தது. வரித்துறை உடன்பாட்டை ஏற்க மறுத்ததால் பழைய நிறுவனம் கலைக்கப்பட்டது, ரேஞ்சர்ஸ் ஸ்காட்லாந்தின் நான்காம் நிலையில் போய் நின்றது. அங்கே அதன் முதல் உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க 49,000 பேருக்கு மேல் வந்தார்கள். இந்த விசுவாசம்தான் எதிர்கால டிக்கெட்டை விற்பனைப் பொருளாக்கியது. வைட் மீதான மோசடி வழக்கில் 2017இல் நீதிமன்ற ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் இதற்கு இடம் கொடுத்தது என்பது எனக்குக் குற்றத்தைவிடப் பெரிய கவலை.

உரிமையாளர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதாக நான் சொல்லவில்லை. இரண்டாம் நிலையிலிருந்து பிரிமியர் லீக்குக்கு ஏறினால் தொலைக்காட்சிப் பணம் பல மடங்காகும், அந்த ஆசையில் வருமானத்தையும் மிஞ்சிச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஏறும் இடங்களோ மூன்று, போட்டியிடுவோர் 24 பேர். லீட்ஸ் குழு இதை வேறு விதமாகச் செய்தது: ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆண்டுதோறும் ஆடுவோம் என்ற கணக்கில் எதிர்கால வசூலை ஈடாக வைத்து 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியது. 2001இல் அரையிறுதிவரை போனது, 2004இல் பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2007இல் மூன்றாம் நிலைக்குச் சரிந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறபோது ஸ்பெயினின் வலென்சியா குழுவைத் தாண்டிப் போக முடியாது. நம்மூர்த் தொழிலதிபர் பீட்டர் லிம் 2014இல் வாங்குவதற்கு முன்பே அது கடனில் மூழ்கியிருந்தது, 2009இல் வேலை நின்ற அதன் புதிய அரங்கம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. 2019இல் ஸ்பானிய அரசர் கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்றுநர் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டபோது ரசிகர்கள் கொதித்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடனுக்கெல்லாம் லிம்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

வாரியர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். யாரும் அழவில்லை என்கிறீர்கள். சிங்கப்பூர் ஆயுதப் படையின் குழுவாகத் தொடங்கி, நம் லீக் பட்டத்தை ஒன்பது முறை வென்ற குழு அது. வேறு எந்த உள்ளூர்க் குழுவும் அதுவரை அத்தனை முறை வென்றதில்லை. 2019இல் சம்பளப் பாக்கி பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தபோதே அது சிங்கப்பூர்க் கிண்ண இறுதியாட்டம்வரை போய், தெம்பனிஸ் ரோவர்ஸிடம் 4-3 என்ற கணக்கில்தான் தோற்றது. 2020 பருவத்தில் அதற்கு இடமில்லை, இன்றுவரை திரும்பவில்லை. அரங்குகளில் சில நூறு பேர் மட்டுமே உட்கார்ந்திருக்கும் ஒரு லீக்கில் அழுகுரல் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடும் ஓர் உள்ளூர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் வீட்டுக்கடனும் பிள்ளையின் துணைப்பாடக் கட்டணமும் காத்திருக்குமா? ஷெஃபீல்டில் நடந்தால் துயரம், சுவா சூ காங்கில் நடந்தால் செய்தி என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நம்மூரில் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் மனமகிழ் மன்றங்களின் ஜாக்பாட் இயந்திர வருமானத்தை நம்பியிருந்தன. 2017இல் அந்த இயந்திரங்களுக்கான கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது, ரசிகர் கூட்டத்தை வளர்க்காமல் இயந்திரத்தை நம்பியதன் விலை தெரிந்தது.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனியில் குழுவின் வாக்குரிமையில் பெரும்பான்மை அதன் உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு குழுவின் கணக்கைச் சோதித்துத்தான் உரிமம் தருகிறார்கள். ஆயினும் போருசியா டார்ட்மண்ட் 2005இல் நொடிப்பின் விளிம்புவரை போய்த்தான் மீண்டது, ஆகவே உறுப்பினர் வாக்கு மட்டும் போதாது. உரிமத்துக்கான கணக்குச் சோதனைதான் முக்கியம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் காற்பந்துக்கெனத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. குழுக்கள் உரிமம் பெற வேண்டும், உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த அமைப்பு கேட்க முடியும். பரி ரசிகர்களுக்கு இது ஆறு ஆண்டு தாமதம். நம் லீக்கிலும், பருவம் தொடங்கும் முன்பே ஓராண்டுச் சம்பளத்துக்கும் மத்திய சேமநிதிச் சந்தாவுக்கும் உரிய தொகையைத் தனிக் கணக்கில் காட்டாத குழுவுக்கு இடமில்லை என்று வைத்தால் நான் மகிழ்வேன். குழுக்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

இனி ஜெர்சி. ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில் 2025 முழுவதும் சம்பளம் பலமுறை தாமதமானது. உரிமையாளர் கையில் போகும் என்பதால் ரசிகர்கள் டிக்கெட்டும் பொருள்களும் வாங்காமல் புறக்கணித்தார்கள். அக்டோபர் 24 அன்று குழு நிர்வாகியின் கட்டுப்பாட்டுக்குள் போனது, 12 புள்ளிகள் பறிக்கப்பட்டன. புறக்கணித்த அதே ரசிகர்கள் அதன்பிறகு டிக்கெட்டுக்கும் குழுவின் கடைக்கும் வரிசையில் நின்றார்கள். நிர்வாகியிடம் போகும் பணம், புதிய உரிமையாளர் வரும்வரை ஊழியர்களின் சம்பளத்துக்கும் குழுவை நடத்தும் செலவுக்கும் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நிர்வாகி இருக்கும்வரை தயங்காமல் வாங்கிக் கொடுங்கள், குழுவின் சொந்தக் கடையிலிருந்தே வரவழையுங்கள். விற்பனை முடிந்து புதியவர் வந்துவிட்டால், வாங்கும் முன் அவர் யார், கடனை எப்படித் தீர்க்கப்போகிறார் என்பதைப் பையனோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். கணக்கு வாசிக்கத் தெரிந்த மாமா அவனுக்கு வாய்த்திருக்கிறார்.

அன்புடன்.