போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வெளியிலிருந்து திறக்காத உள்ளூர் சர்வர்

வணக்கம். வெளிக் கோரிக்கைகள் மடிக்கணினிக்கு வரும்படி (இதுவே போர்ட் ஃபார்வர்டிங்) ரவுட்டரில் 3000-ஆம் போர்ட்டைத் திறந்த பிறகும் அதில் ஓடும் தளத்தை உங்கள் வாடிக்கையாளரால் பார்க்க முடியவில்லை என்றும், ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.72 எனத் தொடங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அந்த முகவரிதான். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதற்கென ஒதுக்கப்பட்டவை என்பதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை உங்கள் ரவுட்டரை எட்டுவதே இல்லை; அங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

உங்கள் கணினியில் ஓடும் தளத்தை இணையத்தில் காட்ட உதவும் கிளவுட்ஃப்ளேர் டனல் என்ற சேவையைப் பயன்படுத்துங்கள். அதற்கான சிறு நிரலை நிறுவி, லோக்கல்ஹோஸ்ட் 3000-ஐ, அதாவது உங்கள் மடிக்கணினியின் 3000-ஆம் போர்ட்டைக் குறிப்பிட்டு இயக்கினால், அது உள்ளிருந்தே வெளியே இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) உடன் தற்காலிக முகவரி ஒன்றைத் தரும். கணக்குத் தேவையில்லை, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முகவரி மாறும்.

கோப்புகளையும் இவ்வழியே பகிர எண்ணுகிறீர்கள் என்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு ஃபோல்டரிலுள்ள கோப்புகளை உலாவியில் பட்டியலிட்டுக் காட்டும் பைத்தானின் சர்வரை ஹோம் ஃபோல்டரில் வைத்து ஓட்டாதீர்கள். எஸ்எஸ்எச் சாவிகள் (பிற சர்வர்களில் நுழையப் பயன்படும் ரகசியக் கோப்புகள்) இருக்கும் மறைவான ஃபோல்டர்கூடப் பட்டியலில் வந்துவிடும், முகவரி கிடைத்த எவரும் அதைப் பதிவிறக்கலாம். தேவையான கோப்புகளை மட்டும் தனி ஃபோல்டரில் நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள், வாடிக்கையாளர் பார்த்து முடித்ததும் டனலை நிறுத்திவிடுங்கள்.