பை வாங்கும் முன் ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள்

இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக் கார் வாங்கினேன், டிக்கியைத் திறந்தால் ஈர வாடை, காலையில் பின்கண்ணாடி உள்பக்கம் வேர்த்து நிற்கிறது, ஈரம் உறிஞ்சும் பை எத்தனை போட வேண்டும்? அப்படியே இன்சூரன்ஸ் எங்கே மலிவு, இந்திய லைசென்ஸை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்?

கடைசி இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். பதினோராவது மாதம் வரை தூங்காமல் இப்போதே இந்த ஊர்த் தேர்வுக்குப் பதிந்து வையுங்கள். இன்சூரன்ஸுக்கு விலை ஒப்பிடும் தளங்கள் இருக்கின்றன, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கி ஈரம் அப்படியல்ல. அதில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு.

நான் மான்செஸ்டருக்கு வந்தது 2005 அக்டோபரில். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டிசம்பரில் 20 கிலோ பொன்னி அரிசி வாங்கி, மூட்டையை டிக்கியிலேயே வைத்துவிட்டு, வேண்டும்போது ஒரு வாளியில் இரண்டு மூன்று கிலோவாக மேலே கொண்டுபோனேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு. மூன்றாவது வாரம் மூட்டையின் அடி கறுத்திருந்தது. கையை விட்டால் அரிசி கட்டி கட்டியாக வந்தது, பச்சைப் பூசணம். நம் ஊரில் கார்த்திகை மழையில் அப்பளம் நமுத்துப் போகும், தீப்பெட்டி பற்றாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஈரம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையின் வாயைக் கட்டிக் குப்பையில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டிக்கி கார்பெட்டை மாற்றி, கண்ணாடியில் ஒரு வாசனை அட்டையைத் தொங்கவிட்டு, 180 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் பழைய வாடை. அப்புறம் தெருமுனையில் தனியாகக் கராஜ் வைத்திருந்த ஒரு கிழவரிடம் போனேன். 'ஸ்டெப்னி பக்கம் நாறுகிறது' என்றேன். அவர் லண்டனில் இருக்கும் ஸ்டெப்னி என்ற பேட்டையைச் சொல்கிறேன் என்று நினைத்து முழித்தார். நாம் பிறந்ததிலிருந்து சொல்லும் அந்த வார்த்தை வேல்ஸில் பிறந்தது, தம்பி. லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்தவர்கள் 1904இல் கொண்டுவந்த மாற்றுச் சக்கரம். இந்த நாட்டுக்காரர்கள் மறந்துவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம்.

கிழவர் கார்பெட்டைத் தூக்கினார், அடியில் இருந்த பலகையைத் தூக்கினார், மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்தார். அந்தக் குழியில் நான்கு விரற்கடை தண்ணீர். மேலே புது கார்பெட், கீழே குட்டை. பின்சீட்டை மடக்கி என்னை டார்ச்சோடு டிக்கிக்குள் குந்த வைத்து, மூடிவிட்டு, வெளியிலிருந்து ஹோஸால் தண்ணீர் அடித்தார். இருட்டில் முட்டி வலிக்க உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடது பின்விளக்குக்குப் பின்னால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. தகர விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கார்பெட் ஓரத்துக்குள் போய் மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று. விளக்கைச் சுற்றியிருந்த ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்திருந்தது. கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 25 பவுண்டு வாங்கினார், தேநீரும் கொடுத்தார்.

அதனால்தான் சொல்கிறேன், பை வாங்கும் முன் அந்தக் குழியைப் பாருங்கள். உங்கள் காரில் மாற்றுச் சக்கரத்துக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் குழி இருக்கும். அங்கே தண்ணீர் நின்றால் அது வேர்வையல்ல, ஒழுகல். பின்விளக்கு கேஸ்கெட், டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, பின் வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய், பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றுப்போக்கி மடல், எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மூடி ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது.

குழி காய்ந்திருந்தால் உங்கள் தொல்லை வெறும் வேர்ப்புதான். ஐஸ் போட்ட மோர் டம்ளர் வெளியே வேர்க்கிறதே, அதேதான். 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும், 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. நம் மூச்சு, நனைந்த கோட்டு, சொட்டும் குடை, பிள்ளையின் சேறு பிடித்த பூட்ஸ் எல்லாம் காருக்குள் விட்ட ஆவி, ராத்திரி குளிர்ந்ததும் கண்ணாடியிலும் டிக்கி மூடியின் உள்தகரத்திலும் நீராக உட்காருகிறது. நனைந்ததை வீட்டுக்குள் எடுத்துப் போங்கள், இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

அப்புறம் ஏசி. நம்மவர்கள் பாதிப் பேருக்கு இது ஏறாது. இரண்டாவது மாதமே தவணையில் புதுக் கார் எடுத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் படம் போடுவார்கள். குளிர்காலத்தில் ஏசி போடச் சொன்னால் பெட்ரோல் வீண் என்பார்கள், கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே மோட்டர்வேயில் போவார்கள். ஏசி காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். ஹீட்டரோடு சேர்த்துப் போடுங்கள், உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். எனக்கே இது புரிய இரண்டு குளிர்காலம் ஆனது. இப்போது வெள்ளைக்கார அண்டைவீட்டாருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்! ஆனால் கண்ணாடி தெளியட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு வீட்டுக்குள் போய்க் காபி குடிக்காதீர்கள். பொதுத் தெருவில் அது குற்றம், யாராவது ஓட்டிக்கொண்டு போனால் இன்சூரன்ஸும் கைவிரிக்கக்கூடும்.

பையைப் பற்றி ஒரே எச்சரிக்கை. சிலிக்கா ஜெல் பை நல்லது, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயவைத்துத் திரும்பப் போடலாம். கால்சியம் குளோரைடு டப்பா வேண்டாம். அது ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகத் தேங்கும், வளைவில் கவிழ்ந்தால் தகரத்தைத் தின்னும். எத்தனை பை என்று கேட்டீர்கள். ஒழுகும் காரில் பத்துப் பையும் போதாது, ஒழுகாத காரில் ஒன்றே அதிகம். சாக்ஸுக்குள் அரிசியைப் போட்டுக் கட்டித் தொங்கவிடு என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் வருடா வருடம் எழுதுகிறார். அரிசி டிக்கியில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இப்போது எங்களுக்குத் தரையோடு வீடு, கார் வாசலிலேயே நிற்கிறது, ஒழுகாத கார். ஆனாலும் அரிசி வாங்கி வந்த அன்று நான் கோட்டைக் கழற்றுவதற்குள் மூட்டை உள்ளே போயாக வேண்டும். அவளே தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.