கழுவ ஆளில்லையா, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 49. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். மனைவி தாதி, ஷிஃப்ட் வேலை. மூத்த மகன் தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருக்கிறான், வார இறுதியில் வீட்டுக்கு வருவான். இளையவனுக்கு 17 வயது. பணிப்பெண் இருந்தவரை வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. போன வருஷம் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதிலிருந்து மனைவி எதற்கெடுத்தாலும் பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் கிண்ணம்தான். மீந்த குழம்பைக்கூட கிளிங் ராப் சுற்றித்தான் ஃபிரிட்ஜில் வைக்கிறார். தினமும் குப்பையை எண்ணிப் பார்க்கிறேன், ஆறு தட்டாவது கிடக்கிறது. கடல் ஆமை வீடியோக்கள் அனுப்பினேன். மூன்று நிறத்தில் மறுசுழற்சித் தொட்டி வாங்கி வைத்தேன். கேட்டால், கழுவ ஆளில்லை என்று சாக்குச் சொல்கிறார். கல்யாணத்தில் அவர் வீட்டார் கொடுத்த எவர்சில்வர் தட்டெல்லாம் ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கிறது. இவரை எப்படித் திருத்துவது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் மருமகளைச் சொல்வார், இன்னொருவர் ஐஸ்கிரீம் டப்பா சேர்க்கும் மாமியாரைச் சொல்வார். எழுதுகிற எல்லாருக்கும் பூமியைப் பற்றி உண்மையான கவலை இருக்கிறது. யாரைத் திருத்துவது என்று வரும்போது மட்டும் எல்லாருடைய விரலும் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "கழுவ ஆளில்லை." அதைச் சாக்கு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகமாட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று பேர், சனி ஞாயிறில் நாலு பேர். எட்டுக் கை இருக்கிற வீட்டில் ஒரு பெண் "ஆளில்லை" என்று சொல்கிறாள் என்றால், மற்ற ஆறு கையும் அவள் கண்ணுக்கு ஆளாகவே தெரியவில்லை. அது அவள் கண்ணில் இருக்கிற கோளாறு இல்லை.

பணிப்பெண் போனபோது அந்த வேலையை யார் எடுத்துக்கொண்டது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதாவது அன்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசாமல் விட்ட வேலை உங்கள் மனைவியின் தலையில் விழுந்தது. ஷிஃப்ட் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிற பெண், தன்னால் எது முடியுமோ அதைச் செய்திருக்கிறார். அந்த ஆறு தட்டும் உங்கள் வீட்டில் மூன்று ஆண்கள் கழுவாத ஆறு தட்டு. குப்பையைக் கிளறி எண்ண உங்களுக்குத் தினமும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஆறு தட்டையும் கழுவிக் கவிழ்த்திருக்கலாம்.

மூன்று நிறத் தொட்டிக்கு வருகிறேன். சாம்பார் ஒட்டிய தட்டை அதில் போட்டால் அது மறுசுழற்சி ஆகாது, பக்கத்தில் கிடக்கும் காகிதத்தையும் சேர்த்துக் கெடுக்கும். புளோக்கின் கீழே நிற்கிற நீலத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. காரணங்களில் ஒன்று இந்த எச்சில்தான். தயிர் டப்பா, எண்ணெய் பாட்டில் எதுவானாலும் அலசித்தான் போட வேண்டும். தொட்டியை எந்த நிறத்தில் வாங்கினாலும் யாராவது ஒருவர் சிங்க் முன்னால் நின்றாக வேண்டும். நீங்கள் வாங்கிவந்தது உங்கள் மனைவிக்கு இன்னும் மூன்று வேலை.

குப்பைக் குழாயில் போடுவது எரிஆலைக்குப் போகிறது. எரித்தபின் அளவில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அந்தச் சாம்பலைத் துவாசில் படகேற்றிப் புலாவ் செமாக்கா தீவின் குப்பைநிலத்தில் கொட்டுகிறார்கள். 1999இல் திறந்த இடம். 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது அரசாங்கக் கணக்கு. நமக்கு இருப்பது அந்த ஒரே இடம்தான். அப்போது உங்கள் இளையவனுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. அவன் காலத்துக் கவலைக்கு அவனுடைய அம்மாவைத் திருத்தித் தரச் சொல்கிறீர்கள். அவன் தட்டை அவன் கையில் கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

மூத்தவனை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முகாமில் அவன் படுக்கையைச் சரிசெய்கிறான், கழிவறை கழுவுகிறான், துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கிறான். சார்ஜென்ட் சொன்னால் செய்கிற பிள்ளை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறான் என்றால், வீட்டில் அவனுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

இதை நான் தெரிந்துதான் சொல்கிறேன். என் மகனுக்கு நான் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆண் பிள்ளை, படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் கல்யாணமாகித் தனிவீடு போன சில மாதத்தில் அங்கே பிளாஸ்டிக் தட்டைப் பார்த்தேன். மருமகளைக் கேட்க வாய் வரை வந்துவிட்டது. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி, சமைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மகன் கைப்பேசியில் இருந்தான். அன்று நான் திட்டியது அவனை. அதைப் பதினைந்து வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

2023 ஜூலை 3ஆம் தேதி முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அந்த ஐந்து காசுக்காகப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள நம் ஆண்களுக்கு வந்துவிட்டது. மனைவியின் முதுகுவலிக்கு யாரும் கட்டணம் போடவில்லை, அதனால் யாரும் பழகவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரவர் தட்டு, தம்ளர், கரண்டியைச் சாப்பிட்ட கையோடு அவரவர் கழுவ வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை, நாளைக்குப் பரீட்சை என்றாலும். குக்கர், குழம்புச் சட்டி, எண்ணெய்ச் சட்டி உங்களுடையது. அடிபிடித்ததை இரவே ஊறப்போட்டுவிடுங்கள், காலையில் பாதி வேலை மிச்சம். கிளிங் ராப் எதற்கு? குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினால் போதும், நம் அம்மாக்கள் அப்படித்தானே வைத்தார்கள்? அந்த மூடு தட்டைக் கழுவுவதும் நீங்கள்தான். தீபாவளிக்கு முப்பது நாற்பது பேர் வந்தால் முதல் நாளே தேக்கா சந்தைக்குப் போய் வாழை இலை வாங்கிவாருங்கள். இளையவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இலை துடைப்பது, போடுவது, எடுப்பது மூன்றும் அவன் பொறுப்பு.

குப்பை கட்டுகிற பையை மட்டும் விட்டுவிடுங்கள். கட்டாமல் குழாயில் கொட்டினால் கரப்பான் எல்லா மாடிக்கும் ஏறும். ரொட்டி வந்த பை, அரிசி வந்த பை இருந்தால் அதிலேயே கட்டுங்கள்.

இந்தப் பக்கத்தை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். ஆமை வீடியோவும் இனி வேண்டாம். இன்று அவர் வேலைக்குப் போனதும் ஸ்டோர் ரூமைத் திறந்து அந்த எவர்சில்வர் தட்டுகளை இறக்குங்கள். அவர் பெற்றோர் பெயர் வெட்டிக் கொடுத்த தட்டாக இருக்கும், அதைச் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, அடுப்படியில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் அடுக்கிவையுங்கள். ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டையும் நீங்களே வாங்கிக்கொண்டு சிங்குக்குப் போங்கள்.