பொழி அடைத்திருக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் மருந்துவாழ்மலை, வேளிமலை எல்லாம் ஏறியிருக்கிறோம். இந்த முறை சமவெளியில் நடக்கலாம் என்று தோன்றியது. தேரூர் குளத்தில் தொடங்கி, சுசீந்திரம் வழியாகப் பழையாற்றங்கரையோடு மணக்குடி பொழிமுகம் வரை போக எண்ணம். வரைபடத்தில் அளந்தால் பதின்மூன்று கிலோமீட்டர் வருகிறது. ஏற்றமே இல்லாத வழி என்பதால் மூன்று மணி நேரம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஐப்பசி முதல் வாரம் எல்லாருக்கும் லீவு. கம்பூட்ஸ் வாங்கலாமா? வேறென்ன வேண்டும்? மணக்குடியில் பொழி அடைத்துக் கிடக்கிறது, பார்த்துப் போங்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்கும் எங்கள் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை.

வாசகர்,
தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் பொழியைப் பற்றிச் சொன்னவர் விவரம் தெரிந்தவர். அவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

மழை நின்று பழையாற்றில் நீர் மெலிந்ததும், அலை கொண்டுவரும் மணல் பொழியில், அதாவது ஆறு கடலில் சேரும் வாயில், திட்டாகக் கட்டி அடைத்துவிடும். அடைத்த நேரத்தில் மழை பிடித்தால் வரும் வெள்ளத்துக்குக் கடலுக்குப் போக வழியில்லை. காயல் முதலில் ஏறும், அடுத்து வாய்க்கால்கள், பிறகு தாழ்ந்த வயல்கள். நிலத்தில் சரிவு மிகக் குறைவு என்பதால் வாயில் அரை மீட்டர் ஏறினாலே அந்தத் தண்ணீர் நெடுந்தூரம் உள்ளே வந்துவிடும். காலையில் நீங்கள் நடந்த வரப்பு மத்தியானம் தண்ணீருக்குள் இருக்கும். அடைத்த மணலை அகற்றிப் பொழியை வெட்டிவிட்டாலோ வேறு ஆபத்து. மட்டம் மளமளவென்று இறங்கி வரப்பெல்லாம் வழுவழுப்பான சேறு படிந்து நிற்கும். வாயில் இழுப்பு கடுமையாக இருக்கும், இருபுறமும் மணல் சுவர்போல நறுக்கி நின்று துண்டு துண்டாகச் சரியும். புதிதாக வெட்டிய பொழியின் ஓரத்தில் நின்று படம் எடுக்கவே கூடாது. காலுக்குக் கீழே மணல் போய்விட்டது என்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே இந்த நடையில் எந்த வழி என்பதற்கு முன்னால் எந்த நாள் என்று கேட்க வேண்டும். குளத்தின் மடை, வயலின் பூ (நெல் சாகுபடிப் பருவத்தை இங்கே பூ என்பார்கள்), ஆற்றின் பொழி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் உங்கள் வழியைத் தீர்மானிக்கின்றன. ஐப்பசியில் இந்த மூன்றுமே உங்களுக்கு எதிராக இருக்கும். அப்போது கும்பப்பூ நடவுக் காலம். தண்ணீர் கட்டித் தொழி (சேறு) உழுது, வரப்பை வெட்டி, நண்டு வளைகளை அடைத்து, புதுச்சேறு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு காய்ந்து இறுகும்வரை வரப்பு யார் எடையையும் தாங்காது. நான்கு பேர் நடந்தால் ஓரம் பிளந்து வயலின் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஒழுகும். ஒரு வீட்டின் ஒரு நாள் உழைப்பை நீங்கள் மிதித்துவிட்டுப் போகிறீர்கள். போதாக்குறைக்கு ஐப்பசியின் பிற்பகல் இடி. திறந்த வயலில் நிற்கும் மனிதன்தான் அங்கே உயரமான பொருள்.

மாசியில் போங்கள். கும்பப்பூ என்ற பெயரிலேயே அறுப்பு மாதம் இருக்கிறது. கும்பம் என்றால் நமக்கு மாசி. அறுத்த வயல் காய்ந்திருக்கும், வரப்பு கெட்டியாக இருக்கும், வடக்கிலிருந்து வந்த பறவைகளும் பங்குனிவரை இங்கேதான். பொழி அடைத்திருந்தாலும் மழை இல்லாததால் மட்டம் சீராக நிற்கும். காயலை ஒட்டிய தாழ்ந்த வரப்புகளை மட்டும் விட்டுவிட்டுச் சாலைக்கு ஏறிவிடலாம்.

மூன்று மணி நேரக் கணக்கு தவறு. தார்ச்சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், ஓரடி அகல வரப்பில் இரண்டு அல்லது இரண்டரைதான் நடப்பார். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும், மடைவாய் வந்தால் தாண்ட வேண்டும், தோப்பு வேலி வந்தால் சுற்ற வேண்டும். பறவை பார்க்க நிற்பதையும் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். காலை ஆறு மணிக்குத் தேரூர் குளக்கரையில் இருங்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி நடப்பதையும், நீலத்தாழைக்கோழி கோரைக்குள் நுழைவதையும் கரையில் நின்றே பார்க்கலாம். கூழைக்கடாவோ மஞ்சள் மூக்கு நாரையோ மேய்வதை நிறுத்திக் கழுத்தைத் தூக்கினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். (கவிமணி பிறந்த ஊர் தேரூர். நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.)

சுசீந்திரத்தில் எட்டரை மணிக்குள் சாப்பாட்டை முடித்து, காலைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். அங்கிருந்து பழையாற்றின் கிழக்குக் கரையை எடுப்பது நல்லது. காலை வெயில் முதுகுப்புறம் இருக்கும், ஆற்றில் நிற்கும் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையில் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். கரை முழுக்க ஒரே தடமாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஓடை குறுக்கிட்டால் சாலைக்கு ஏறி, தாண்டி, மறுபடி இறங்குங்கள். ஆற்றில் இறங்கிக் கடக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

திசைக்கு மருந்துவாழ்மலையை வைத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரத்தில் தெற்கு நோக்கி நின்றால் அது இடது கைப்பக்கம் சற்று முன்னால் இருக்கும். நேர் இடதுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கிறீர்கள். மணக்குடியில் அது இடது தோளுக்குப் பின்னால், வடகிழக்கில் நிற்கும். தென்னந்தோப்புக்குள் மலை மறையும்போது போன் வரைபடம் உதவும். வரப்பும் வாய்க்காலும் அதில் பாதிகூட இராது, ஆனாலும் சாலை எந்தப் பக்கம் என்று காட்டும். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பூட்ஸ் வாங்காதீர்கள். மேலே தண்ணீர் புகுந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று கிலோ கூடும். சேற்றில் இறங்கினால் பூட்ஸ் அங்கே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். கயிறு இறுக்கிக் கட்டும் லேசான கேன்வாஸ் ஷூ போதும், தண்ணீர் புகுந்தாலும் வடிந்துவிடும். ஜீன்ஸ் நனைந்தால் தொடை உரசிப் புண்ணாகும், மெல்லிய முழுக்கால் சட்டை போடுங்கள். கிளம்பும்போது விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சேற்றுப்புண்ணுக்கு அது நல்ல காப்பு. காலில் ஆறாத வெட்டோ கொப்புளமோ இருப்பவர் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் புண் வழியாகத்தான் எளிதில் ஏறும். நடந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு கம்பு, ஐந்தடி. அதுதான் இந்த நடையில் முக்கியமான சாமான். மண்ணைச் செடி பார்த்தே படிக்கலாம். அறுகம்புல் இருந்தால் கெட்டி. கோரையும் சம்பும் நின்றால் அடியில் தண்ணீர். ஆகாயத்தாமரை பச்சைப் பாய்போலக் கிடக்கும், தரை என்று எண்ணி வைத்தால் நேரே வாய்க்காலுக்குள்தான். காயல் பக்கம் உமரி என்ற உவர்நிலச் செடி முளைத்து, வெடித்து, வெளுத்த மண் பெரும்பாலும் தாங்கும். பளபளவென்று கண்ணாடிபோல மின்னும் சேறு தாங்காது. சந்தேகம் வந்தால் கம்பை ஊன்றுங்கள். ஒரு கை பலத்தில் முழங்கால் அளவு இறங்கினால் அந்த வழி வேண்டாம். சேற்றைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் போனவரின் கால்தடத்தில் கால் வைக்காதீர்கள். மேற்பரப்பின் இறுக்கத்தை அவர் ஏற்கெனவே உடைத்துவிட்டார், இரண்டாமவர் இன்னும் ஆழமாக இறங்குவார். வரப்பில் இதற்கு நேர்மாறாக, ஒருவர் பின் ஒருவராக, நடு முதுகில் மட்டும்.

கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாதத்துக்குக் கீழே காற்றோ நீரோ புக இடமில்லாததால் சேறு பிடித்து உறிஞ்சும். இழுக்கும் விசை மற்றக் காலையும் இறக்கிவிடும். பின்பக்கம் சாய்ந்து உட்காருங்கள், உடல் எடை பரவட்டும். குதிகாலைச் சின்னதாகத் திருப்பித் திருப்பி ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் இறங்கிப் பிடி விடும். பிறகு கம்பைக் குறுக்கே போட்டு அதன்மேல் ஊன்றி, மெதுவாக எடுங்கள். அரை நிமிடத்தில் வந்துவிடக்கூடிய காலை அவசரத்தில் பத்து நிமிடச் சிக்கலாக்குகிறவர்கள்தான் அதிகம்.

சாமித்தோப்பு, மணக்குடி பக்கம் உப்பளங்களில் அனுமதி கேட்டு வரப்பில் மட்டும் நடங்கள். உப்பு விளையும் பாத்தியின் தளம் மிதித்து மிதித்து இறுக்கியது. அதில் ஒரு ஷூத்தடம் விழுந்தால் அந்த இடத்தில் உப்போடு சேறும் வாரப்படும். உப்புச்செறிவை அளக்கும் பாமே கணக்கில் கடல்நீர் சுமார் 3 டிகிரி, உப்பு படியத் தொடங்குவது 25-இல். பறவைக்கு இரை கிடைப்பது இடைப்பட்ட பாத்திகளில். நெடுங்கால் உள்ளானையும் வாய்ப்பிருந்தால் பூநாரையையும் அங்கே தேடுங்கள், வெள்ளைப் பாத்தியில் ஒன்றும் இராது. வெயில் கீழிருந்தும் அடிக்கும் இடம் என்பதால் தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒன்றாவது உப்பிட்ட மோர். வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

அறுத்த வயலில் எலி இருக்கும், எலி இருக்குமிடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். வைக்கோல் குவியல்மேல் உட்காராதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முந்தின நாள் மாலை கீழமணக்குடிக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்வாருங்கள். 2004 சுனாமியில் இடிந்து, பிறகு புதிதாகக் கட்டிய பாலத்தின்மேல் நின்றால் காயலின் மட்டம் தெரியும். பொழி எப்போது வெட்டினார்கள் என்று கரையில் வலை காயப்போடுகிறவரிடம் கேளுங்கள். இரண்டு நாளுக்குள் வெட்டியிருந்தால் அந்த முறை சுசீந்திரத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அடுத்த வாரம் நடங்கள்.

அன்புடன்.