நடை போதுமா, ஓட வேண்டுமா? தசை ஹோர்மோன்கள் பற்றிக் கேள்வி பதில்

நான் உடற்தொழிலியல் படிப்பிக்கிறவள், மருந்து எழுதுகிறவள் அல்ல. போன கிழமை தசையும் ஹோர்மோன் விடும் என்று சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை, 54 வயது: காலையில் கால்வாய்க் கரையில் முக்கால் மணித்தியாலம் நடக்கிறேன். அந்த நடைக்கு ஒரு ஹோர்மோனும் வராது, ஜிம்முக்கு வாங்கோ என்கிறான் மகன்.

அக்கா, மகன் சொல்வதில் பாதி சரி. தசை விடுவதில் அதிகம் ஆராயப்பட்டது இன்டர்லூகின்-6 என்ற புரதம். கிருமித் தொற்று வந்தாலும் இது இரத்தத்தில் ஏறும் என்பதால் முன்பு எல்லோரும் இதை அழற்சியின் அடையாளமாகவே பார்த்தார்கள். கோபன்ஹேகனில் பென்டே பெடர்சனின் குழு, வேலை செய்கிற தசையே இதை இரத்தத்துக்குள் விடுகிறது என்று காட்டியது. மரதன் ஓடி முடித்தவர்களிடம் ஓய்வில் இருந்ததைப் போல 100 மடங்கு வரை கூடியிருக்கிறது, அதன் பின்னாலேயே அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 ஏறுகிறது. எவ்வளவு கடுமையாகச் செய்கிறீர்கள் என்பது ஒரு காரணம்தான். எவ்வளவு நேரம், எத்தனை தசைகள், தசைக்குள் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த சீனி, எவ்வளவு மிச்சம் என்பவையும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சமதரையில் நடக்கும் உங்களுக்கு ஏற்றம் சிறியதுதான். ஆனால் சுருங்குகிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோசை உள்ளே எடுக்கும், அதற்கு நடையே போதும். நடையை விடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம், ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் முடிக்க ஏலாத வேகத்தில் நடந்து பாருங்கள்.

கொட்டாஞ்சேனை, 23 வயது: கிளைக்கோஜன் குறைந்தால் கூடும் என்றால் வெறும் வயிற்றில் ஓடுவதுதானே நல்லது?

பம்பலப்பிட்டியிலிருந்து இன்னொருவர் இடையில்: அப்ப சீனி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடுகிற எங்களுக்குப் பயனே இல்லையா?

இதில் நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஏழு தடவை எழுதிவிட்டீர்கள், ஒரேயடியாகச் சொல்கிறேன். நீண்ட நேர ஓட்டத்தின் நடுவே குளுக்கோஸ் குடித்தால் இன்டர்லூகின்-6 குறைவாகத்தான் ஏறும், அது உண்மை. ஆனால் இன்டர்லூகின்-6 என்பது தசை "எரிபொருள் தீருது" என்று கல்லீரலுக்கு அனுப்பும் செய்தி. செய்தி சத்தமாகப் போவதை ஏன் பயன் என்று எண்ணுகிறீர்கள்? பயிற்சி கூடக் கூட அதே வேலைக்குத் தசை இதைக் குறைவாகவே விடுகிறது, காரணம் கிளைக்கோஜன் சேமிப்பும் கூடுகிறது, கொழுப்பை எரிக்கவும் தசை பழகிவிடுகிறது. நன்றாகப் பழகியவனுக்கு எண் குறைகிறது தம்பி, அதைத் தோல்வி என்பீர்களா? தேத்தண்ணி குடித்துவிட்டே ஓடுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் வெறும் வயிற்றில் கடுமையாக ஓடவே கூடாது. சீனி இறங்கி மயங்கி விழுவீர்கள்.

தெஹிவளை: ஐரிசின் கூடுவதற்கு என்ன உடற்பயிற்சி?

ஐரிசினும் தசை விடும் ஹோர்மோன் என்று சொல்லப்படுவதுதான். 2012இல் ஹார்வர்டில் ஸ்பீகல்மனின் குழு பெயர் வைத்தது, கிரேக்கப் புராணத்தில் ஐரிஸ் என்ற தூதுப்பெண்ணின் பெயரை ஒட்டி. பிறகு அளவிடும் கிட்கள் வேறு புரதங்களையும் பிடிக்கின்றன என்று பெரிய சண்டை வந்தது. 2015இல் திணிவு நிறமாலைமானி கொண்டு அளந்தபோது அசையாமல் இருப்பவர்களிடம் மில்லிலீட்டருக்கு 3.6 நனோகிராம், இடைவெளிவிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம் 4.3. வித்தியாசம் இவ்வளவுதான். இதை அளக்கக் காசு கொடுத்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

ஐரிசின் குளிசை பற்றிக் கேட்ட மூவருக்கும்: வாங்காதீர்கள்.

முழங்கால் வலி பற்றிக் கேட்டவருக்கு: பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கிருலப்பனை: வேகமாக ஓடிய பிறகு பசியே வருவதில்லை, இதுவும் தசை ஹோர்மோனா?

நல்ல கேள்வி! செய்முறை வகுப்பில் 30 செக்கன் முழு வேகத்தில் சைக்கிள் மிதித்த பையன், பக்கத்தில் இருந்த மாலுபனிசைக் கையால்கூடத் தொடவில்லை. மெதுவாக மிதித்த மற்றவர்கள் பெட்டியைக் காலியாக்கிவிட்டார்கள். ஒரு வகுப்பை வைத்து முடிவு கட்ட ஏலாதுதான். ஆனால் 2022இல் வந்த ஓர் ஆய்வு, கடுமையாக வேலை செய்யும் தசையிலிருந்து வரும் லக்டேட், பீனைல்அலனீன் என்ற அமினோ அமிலத்துடன் சேர்ந்து உண்டாகும் லக்-பே என்ற பொருளைக் காட்டியது. உடல் பருத்த எலிகளுக்கு அதை ஏற்றியதும் தீனி குறைந்தது. மனிதரில் முழு வேகத்தில் சைக்கிள் மிதித்த பிறகுதான் அதிகம், அடுத்து பாரம் தூக்கல், கடைசியில் நீண்ட நேர மிதமான பயிற்சி. சேர்கிற வேலை பெரும்பாலும் தசைக்கு வெளியே நடப்பதால் கறாராகச் சொன்னால் இது தசை ஹோர்மோன் இல்லை. ஆனால் கடுமைக்கு இவ்வளவு தெளிவாக அசைகிற இன்னொன்றை நான் கண்டதில்லை.

மட்டக்குளி, மருதானை, மறுபடி தெஹிவளை: நடை போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். இனி இதற்குத் திரும்ப எழுத மாட்டேன்.

வெள்ளவத்தை அக்கா மறுபடி: வேகமாக நடக்க வெயில் விடுகிறதில்லை. எங்கள் வீடு நாலாம் மாடி, படி ஏறலாமா?

ஓம் அக்கா, தாராளமாக. தொடையும் பிட்டமும் சேர்ந்து வேலை செய்யும், பெரிய தசைகள். முதல் கிழமை இரண்டு மாடி ஏறி மிச்சத்துக்கு லிஃப்ட் எடுங்கள். நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்று யாரையாவது கூப்பிடுங்கள், அன்றே டொக்டரிடம் போங்கள்.