கணக்கு வாத்தியார் எப்ப வருவாரு அண்ணாச்சி? – வாசகர் கேள்விகள்

என்ன மாதிரி ரிட்டையர் ஆன எச்.எம்.முக்கு, அதான் தலைமையாசிரியருக்கு, ஜூன் மாசம் வந்தா போன் ஓயாது, இந்த வருஷமும் அதே கததான். ஊர், வகுப்பு, பாடம் எதுவும் போடாம "டீச்சர் இல்ல, என்ன செய்ய"ன்னு ஒத்த வரில அனுப்புனவங்களுக்கு பதில் கிடையாது. நான் என்ன ஜோசியமா பாக்கேன்?

பையன் பத்தாங்கிளாஸ். கணக்கு டீச்சர் மாறுதல்ல போனதுல இருந்து ஆளே போடல. கேட்டா "வருவாவ, வருவாவ"ங்காவ. (மானூர் பக்கம், ஒரு அம்மா)

அந்த போஸ்ட் இன்னும் அந்த ஸ்கூல்ல இருக்கான்னு முதல்ல எச்.எம். கிட்ட கேளுங்க, ஆகஸ்ட் 1 தேதி பிள்ளைய எண்ணிக்கைய வச்சுதான் பணியாளர் நிர்ணயம், அதுல உபரின்னு காட்டி போஸ்ட்டையே வேற ஸ்கூலுக்குத் தூக்கிருந்தா நீங்க எத்தன தடவ கேட்டும் ஆள் வராது. போஸ்ட் இருக்குன்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல தீர்மானமா எழுத வைங்க. நகல சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல குடுத்து, உங்க காப்பில சீல் வாங்காம வெளிய வராதிய. வாயால சொன்னது வாசல் தாண்டாது, பேப்பர் வேணும். எட்டாங்கிளாஸ் வரைக்கும்னா கல்வி உரிமைச் சட்டம் 26ஆம் பிரிவும் கைக்கு ஒதவும், பத்து சதவீதத்துக்கு மேல காலி இருக்கக் கூடாதுங்கு. நாலு டீச்சர் ஸ்கூல்ல ஒருத்தர் போனாலே இருபத்தஞ்சு சதவீதம்லா!

டெட் பாஸ் பண்ணா வேலை உண்டா?

இல்ல. டெட்ங்கது ஆசிரியர் தகுதித் தேர்வு மட்டுந்தான், வேலைக்குப் போட்டித் தேர்வு தனியா இருக்கு. 2018லயே அரசாணை 149 போட்டாச்சு, இன்னும் இதையே கேக்கிய.

மூணு வருஷமா மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியரா இருக்கேன். நிரந்தரம் ஆகுமா? ரெண்டு மாசச் சம்பளமும் வரல. (நாங்குநேரி)

சம்பளத்துக்கு எழுதிக் கேளுங்க, எந்த மாசம் எத்தன நாள்னு கணக்கு போட்டு. நிரந்தரத்த நம்பி மத்த பரீட்சைய விட்டுராதிய தாயி. உச்ச நீதிமன்றம் 2006ல உமாதேவி வழக்குலயே சொல்லிட்டு, தற்காலிகமா எடுத்தவங்க எத்தன வருஷம் வேலை பாத்தாலும் அதனால மட்டும் நிரந்தரம் கேக்க முடியாதுன்னு. 2012ல ஓவியம், தையல், பி.இ.டி. (உடற்கல்வி), கம்ப்யூட்டர்னு பதினாறாயிரத்துச் சொச்சம் பேர மாசம் 5,000க்கு பகுதிநேரமா எடுத்தாவளே, அவிய எத்தன வருஷமா ரோட்டுல உக்காந்து நிரந்தரம் கேட்டிருக்காவ, பாக்கலையா? போறப்ப அனுபவச் சான்று வாங்கிக்கோங்க. மறுபடியும் சொல்லுதேன், பேப்பர்.

பேத்தி ப்ளஸ் டூ முடிக்கதுக்குள்ள பிசிக்ஸுக்கு மூணு டீச்சர் மாறிட்டாவ, மூணுமே தற்காலிகம். ஏன் இப்படி? (விக்கிரமசிங்கபுரம், ஒரு தாத்தா)

வாங்க அண்ணாச்சி, இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். புயல், வெள்ளம் எப்ப வரும்னு முன்கூட்டித் தெரியாது, சரி. ஒரு வாத்தியார் எப்ப ரிட்டையர் ஆவாருன்னு அவர் வேலைக்குச் சேந்த அன்னைக்கே எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) முதல் பக்கத்துல பிறந்த தேதியா எழுதிருக்கு! நடுவுல வயசு முடிஞ்சாலும் மறுநியமனம் குடுத்து படிப்பு வருஷக் கடைசி வரைக்கும் வச்சுக்கிடுதாவ, அப்ப ஜூன்ல எத்தன நாற்காலி காலியாகும்னு பல வருஷத்துக்கு முந்தியே தெரியும், ஆனாலும் ஜூன் வந்ததும் என்னமோ நேத்து ராத்திரி கூரை பிச்சிக்கிட்டு விழுந்த மாதிரி எல்லாரும் ஓடுதாவ. 2020ல ஓய்வு வயச 58ல இருந்து 59 ஆக்குனாவ, 2021ல 60. அந்த நேரத்துல காலியாகாத இடம்லாம் அப்புறம் காலியாகும்னு யாருக்குத் தெரியாது? 2022ல பதிமூணாயிரத்துச் சொச்சம் தற்காலிக ஆசிரியர் போடணும்னு ஆர்டர் வந்தது, முதுகலைக்கு மாசம் 12,000, பட்டதாரிக்கு 10,000, இடைநிலைக்கு 7,500. ஐகோர்ட் மதுரைக் கிளைல தடை, அப்புறம் அனுமதி, இப்படியே நாள் போச்சு. பெறகு சம்பளத்த 18,000, 15,000, 12,000னு கூட்டுனாவ, ஆனா வேலை என்னமோ அந்தப் படிப்பு வருஷத்தோட சரி.

நான் இருந்த ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு ஒரு தற்காலிகப் பொண்ணு வந்தா, நல்லா நடத்துவா, பிள்ளைய அவ பின்னாலயே திரியும். அவ பேரு வருகைப் பதிவேட்டுல கிடையாது, ஒரு நாப்பது பக்க நோட்டுல ஸ்கேல் வச்சு கோடு போட்டு நானே தனியா கையெழுத்து வாங்குவேன். தை பொங்கல் லீவு முடிஞ்சு வரல, பிரைவேட்ல சேந்துட்டா, குத்தம் சொல்ல முடியுமா? போர்டுல அவ பாதில விட்ட லென்ஸ் படம், ஒளிக்கதிர் ஒண்ணு லென்ஸ் வரைக்கும் வந்து நிக்குது. கடேசி பெஞ்சுப் பய ஒருத்தன் டஸ்டர எடுத்தவன அழிக்க விடாம பிடிச்சுக்கிட்டான், "டீச்சர் வந்து முடிப்பாவ சார்"னான். திருப்புதல் தேர்வு வந்தப்பதான் அழிச்சோம்.

தற்காலிகமா வாற பிள்ளைய மேல எனக்குக் கோவமே கிடையாது. ஆள் எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்காதவங்க மேலதான்.

எங்க ஸ்கூல் டீச்சர் 12 மாசம் பிரசவ லீவு. ஏன் ஆள் போடல?

அந்தம்மா போஸ்ட்டுலதான் இருக்காவ, அதனால காலிப்பணியிடக் கணக்குலயே அது ஏறாது. மாற்றுப்பணில பக்கத்து ஸ்கூல்ல இருந்து ஆள் கேட்டு எச்.எம். எழுதட்டும். லீவ குறை சொல்லாதிய.

வீட்டுக்காரர் நடுநிலைப் பள்ளில 2003ல சேந்தவர். அவரும் டெட் எழுதணுமா?

உச்ச நீதிமன்றத்தோட 2025 செப்டம்பர் 1 தீர்ப்புப்படி, அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் மிச்சம் இருந்தா ரெண்டு வருஷத்துல பாஸ் பண்ணணும். அதுக்குக் கீழன்னா வேலைல தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. சீராய்வு மனு போட்டிருக்காவன்னு சும்மா இருக்காம புஸ்தகத்த எடுக்கச் சொல்லுங்க.

பாளையங்கோட்டைல ஒரு நிதியுதவிப் பள்ளில வேலை தாறோம், அப்ரூவல் அப்புறம் வரும், இப்ப கொஞ்சம் பணம் கட்டுங்கன்னு சொல்லுதாவ. கட்டலாமா?

எவ்வளவுன்னு நீங்க எழுதல, எழுதவும் வேண்டாம். அனுமதிச்ச போஸ்ட்டா, கல்வி அலுவலர் ஒப்புதல் ஆர்டர் எங்க, அதக் காட்டச் சொல்லுங்க. ஒப்புதல் வராம அரசு சம்பளம் வராது, அத வாங்க வருஷக்கணக்கா நடந்தவங்கள எனக்குத் தெரியும். காட்ட மாட்டேன்னா செருப்ப மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடங்க.