அப்பாவின் பழைய ரேசருக்கு மாறலாமா?

கேள்வி: ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்தால் கழுத்தில் பொரிப்பொரியாக வருகிறது. அப்பாவின் பழைய உலோக ரேசர் வீட்டில் கிடக்கிறது. அதற்கு மாறலாமா? வெட்டுப்படுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக மாறலாம். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருபவை தோல் மட்டத்துக்குக் கீழேயே வெட்டிவிடுகின்றன. சுருள் முடியாக இருந்தால், திரும்ப வளரும்போது நுனி தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். அப்பாவின் ரேசர்போல ஒற்றை பிளேடு என்றால் இந்தத் தொல்லை குறைவு.

வெட்டு பெரும்பாலும் அழுத்துவதால்தான் விழுகிறது. கார்ட்ரிட்ஜின் தலை முகத்தோடு வளைந்து கொடுப்பதால் நம் கை அழுத்திப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை விடுவதுதான் இதில் கஷ்டமே. கைப்பிடியை விரல் நுனியால் லேசாகப் பிடியுங்கள். ரேசரின் எடையே போதும். ரேசர் தலையின் மேற்பக்கத்தைக் கன்னத்தில் ஒட்டவைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 30 டிகிரி. சரியான கோணம் வந்தால் 'சரக் சரக்' என்று சத்தம் கேட்கும்.

முடி வளரும் திசையிலேயே இழுங்கள். கழுத்தில் அது பக்கவாட்டில்கூடப் போகும், விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசைப் பக்கம் முதல் சில வாரம் போகவே வேண்டாம். மழமழப்புக்கு ஆசைப்பட்டால் பொரி திரும்ப வரும்.

பழைய ரேசரைச் சோப்புத் தண்ணீரும் டூத் பிரஷும் கொண்டு கழுவுங்கள். பிளேடை மாட்டியதும் இரு பக்கமும் ஒரே அளவில் வெளியே தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த ரேசர் வேண்டாம். அதோடு கிடைத்த துருப்பிடித்த பிளேடுகளும் வேண்டாம். ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மையானது, கை பழகிய பிறகு வாங்கலாம். நான்கைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு. நடுவில் முடியை இழுப்பதுபோல் தெரிந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. ஒரு டம்ளர் குடிநீரை வெதுவெதுப்பாக்கி, அதில் பிரஷை நனைத்து நுரையுங்கள். முடித்ததும் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தால் சின்னக் கீறல்களில் ரத்தம் நிற்கும். பொரியில் சீழ் வைத்தால் ஷேவிங்கை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், தேய்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்கும். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள்.